நாற்பத்தேழுக்குச் சேர வேண்டிய சட்டை

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஊக்கு பிரித்தது.

சைக்கிள் பந்தயம் முடிந்ததும் வீரர்களின் முதுகிலிருந்து கழற்றிய எண் துணிகளும் அவற்றைக் குத்தியிருந்த ஊக்குகளும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் அப்பாவின் பட்டறைக்கு வந்து சேரும். அடுத்த பந்தயத்துக்கு முன் அவற்றைத் துருப்பிடித்தவை, வளைந்தவை, நல்லவை என்று மூன்றாகப் பிரித்துவைப்பார். அன்று சனிக்கிழமை மதியம். அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார், நான் துணிக்கட்டின் மேல். அவர் கட்டைவிரலால் தடவியே பிரித்தார். நான் ஒவ்வொன்றையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன்.

"காந்தம் வச்சு இழுத்தா சீக்கிரம் முடிஞ்சிரும்ப்பா" என்றேன்.

"நல்லதும் இரும்பு, துருப்பிடிச்சதும் இரும்பு. காந்தம் ரெண்டையும் சேத்துத்தான் இழுக்கும். என்னதான் படிச்ச காந்தமா இருந்தாலும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மணி நேரத்தில் வாளி காலியானது. "விரலப் பாத்துக்க, துரு குத்தியிருந்தா ஊசி போட்டுக்க" என்று சொல்லி வாசல்வரை வந்தார்.

பன்னிரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு அதே பட்டறையில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். மாரடைப்பு. அறுபத்திரண்டு வயது. இயந்திரம் சூடாகி அவருக்காகக் காத்திருந்தது. பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர்தான் அதை அணைத்தார்.

அந்தச் சனிக்கிழமை அப்பா என்னிடம் ஒரு விஷயத்தைக் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று இரண்டு மணி நேரமும் பயந்துகொண்டிருந்தேன். நான் எழுதித் தர வேண்டிய இரண்டு வரி அது. என் தவறால் ஒருவருக்குக் கிடைக்காமல் போன சட்டை அவருடையதுதான் என்று ஒப்புக்கொள்ளும் இரண்டு வரி. எழுத மூன்று நிமிடம் ஆகும். எட்டு மாதமாக எழுதவில்லை.

அப்பாவின் தொழில், சட்டையில் எழுத்து ஒட்டுவது. ஒரு ஷட்டர் அகலமுள்ள பட்டறை, இரண்டு இயந்திரம். பள்ளிக் கால்பந்து அணி, பெட்ரோல் பங்க் ஊழியர்கள், பார்சல் கம்பெனி, யார் வந்தாலும் பெயர் வெட்டி ஒட்டித் தருவார். தட்டு நூற்றைம்பது டிகிரிக்குச் சூடாக வேண்டும். சட்டையை விரித்து, எழுத்துத் தாளைக் கவிழ்த்து, பதினைந்து வினாடி அழுத்த வேண்டும். பதினான்கில் எடுத்தால் துவைக்கும்போது உரியும். பதினாறில் எடுத்தால் துணி பளபளக்கும். அவர் கடிகாரம் பார்க்க மாட்டார். உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பார், கையைத் தூக்குவார், சரியாக இருக்கும். ஒருமுறை அவருக்குத் தெரியாமல் நேரம் எடுத்துப் பார்த்தேன். இருபது தடவையில் மிக அதிக வித்தியாசம் அரை வினாடி. இதை அவரிடம் சொன்னதில்லை.

அவர் முழங்கையில் எப்போதும் யாருடைய பெயரிலிருந்தோ உதிர்ந்த ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். அம்மா சாப்பாடு போடும்போது அதை உரித்து எடுத்து, "இன்னைக்கு யாரைக் குறைச்சு அனுப்புனீங்க?" என்பார்.

வருடத்தில் ஏழு நாள் அவருக்கு வேறு வேலை. ஒரு வேனின் பின்பக்கம் சின்ன இயந்திரத்தைப் பூட்டிக்கொண்டு சைக்கிள் பந்தயத்தோடு ஊர் ஊராகப் போவார். பதினான்கு வருடம் போனார்.

அந்தப் பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏழு நாள், தினமும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு. எல்லா நாளின் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவருக்கு வெள்ளைச் சட்டை. வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றுதான் பந்தயம். உள்ளே வேறு பந்தயங்களும் ஓடிக்கொண்டிருக்கும். வழியில் போட்டுவைத்த கோடுகளை முதலில் தாண்டிப் புள்ளி சேர்ப்பவருக்கு நீலம். மலை உச்சிகளில் புள்ளி சேர்ப்பவருக்குக் கத்தரிப்பூ நிறம். வயதில் சின்னவர்களில் முன்னால் இருப்பவருக்குச் செங்கல் நிறம். அன்றைக்கு விடாமல் முட்டிமோதியவருக்குச் சட்டை கிடையாது, மறுநாள் முதுகில் சிவப்பு எண். இந்தச் சட்டைகளை அன்றன்று மாலை மேடையில் மாட்டிவிடுவார்கள். யாருக்கு என்று கடைசி நிமிடத்தில்தான் தெரியும். தெரிந்ததும் அவருடைய குழுவின் பெயரைச் சட்டையில் ஒட்ட வேண்டும். அதற்குத்தான் அப்பா.

மேடைச் சட்டைக்கு ஜிப் முதுகில் இருக்கும். வேர்வையில் நனைந்து நிற்பவர் கையை நீட்டினால் போதும், பின்னாலிருந்து மாட்டிவிடலாம். "கல்யாணப் பொண்ணு ரவிக்கை மாதிரி. என்ன, பொண்ணு ரெண்டு நாளா சவரம் பண்ணல" என்பார் அப்பா. ஒட்டி முடித்த சட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "சூடு, சூடு, வழி விடுங்க" என்று கூட்டத்துக்குள் ஓடுவார். அதனால் பந்தயத்தில் எல்லாருக்கும் அவர் சூடண்ணன்.

வெள்ளைச் சட்டையின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை இல்லை. "வெள்ளைக்கு ஊரே கை தட்டும். மத்ததுக்கு அவன் பொண்டாட்டி மட்டும்தான் தட்டுவா. நாமதான் கொஞ்சம் சேத்துத் தட்டணும்."

ஒரே ஆள் இரண்டு சட்டைக்கு உரியவரானால் பெரியதைத்தான் அணிவார். சின்னது, அந்தப் போட்டியில் இரண்டாவதாக இருப்பவருக்கு இரவலாகப் போகும். அப்படி இரவல் சட்டையோடு மறுநாள் புறப்படுகிறவரை மற்றவர்கள் விடமாட்டார்கள். "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்சிடாதப்பா" என்று வழியெல்லாம் கேலி நடக்கும். ஒருவர் கூச்சப்பட்டுப் போட மாட்டேன் என்று வேனில் வந்து உட்கார்ந்துவிட்டாராம். அப்பா ஜிப்பை இழுத்துவிட்டுச் சொன்னாராம், "அது யாரோடதுன்னு சட்டைக்கும் தெரியாது, ரோட்டுல நிக்கிற ஜனத்துக்கும் தெரியாது. நீ மட்டும் ஞாபகம் வச்சுக்க. போதும். போ."

நான் மின்னணுவியல் படித்தேன். பந்தயங்களுக்கு நேரம் எடுக்கும் ஒரு கம்பெனியில் ஆள் தேவை என்று அப்பாதான் கேட்டுவந்து சொன்னார். சேர்ந்தேன். சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில் கட்டும் சிப், கோட்டில் புதைக்கும் கம்பி, வினாடிக்குப் பல ஆயிரம் தடவை படம் எடுக்கும் கேமரா, புள்ளி கூட்டும் நிரல். இவை என் பொறுப்பு. மூன்று வருடம் முன்பு அப்பாவின் பந்தயத்துக்கே எங்கள் கம்பெனி வந்தது.

முதல் பயணத்துக்கு முந்தைய வாரம் அவரிடம் சொன்னேன்.

"அங்க நான் உங்க பொண்ணுன்னு சொல்லிக்க வேண்டாம்ப்பா. சிபாரிசுல வந்தேன்னு நினைப்பாங்க."

சிபாரிசு காரணம் இல்லை. எங்கள் வேனில் கேமராவைப் பார்த்துக்கொள்பவர், பயிற்சி நாளில் எல்லா வண்டிகளையும் காட்டிக்கொண்டே வந்து, "அது இஸ்திரி வண்டி" என்று சொல்லியிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு எப்படிச் சொல்வது?

அப்பா கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் துடைத்தார். "சரிங்க மேடம்" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அதுவே நின்றுவிட்டது. மூன்று பந்தயம், இருபத்தொரு நாள், வயர்லெஸ்ஸில் அவர் எனக்கு மேடம், எனக்கு அவர் அண்ணே. "மேடம், நீலம் யாருக்கு?" "எண்பத்தொண்ணு அண்ணே." "ரொம்ப நன்றிங்க மேடம்." சாப்பாட்டுக் கூடாரத்தில் அவர் ஒரு மேஜை, நான் ஒரு மேஜை. ஒருமுறை கூட்டத்தில் எதிரே வந்தவர், என் காலர் மடங்கியிருந்ததைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பாதியில் நிறுத்தி, அந்தக் கையால் தன் காலரைச் சரிசெய்துகொண்டு போனார்.

மூன்றாவது பந்தயத்தின் கடைசி நாளுக்கு வருகிறேன்.

பந்தயத்தில் ஆட்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். மலைச் சட்டைக்கு இரண்டு பேர் போட்டி. நாற்பத்தேழும் நூற்றுப் பன்னிரண்டும். நாற்பத்தேழு ஒடிசலான ஆள், முப்பத்துநாலு வயது, சின்னக் குழு. பதினோரு வருடம் ஓட்டியும் எதிலும் மேடை ஏறியதில்லை. இதுதான் அவருடைய கடைசிப் பந்தயம் என்று எல்லாருக்கும் தெரியும். முடித்துவிட்டு மைத்துனரின் பம்பு பழுதுபார்க்கும் கடைக்குப் போவதாக ஏற்பாடு. நூற்றுப் பன்னிரண்டு இருபத்தாறு வயது, பெரிய குழு, எல்லா வகையிலும் நல்ல வீரர். கடைசி நாள் வழியில் ஒரே ஒரு சின்ன மேடு. அதை நூற்றுப் பன்னிரண்டு முதலில் ஏறினார். இருவருக்கும் இருபத்தாறு புள்ளி. சமம்.

என் நிரல் நூற்றுப் பன்னிரண்டை மேலே வைத்தது. சமம் வந்தால் மொத்த நேரத்தில் முன்னால் இருப்பவருக்கு என்று நான்தான் எழுதியிருந்தேன். எல்லாச் சட்டைக்கும் ஒரே வரி. விதிப்புத்தகத்தில் மலைச் சட்டைக்குத் தனிப் பக்கம் உண்டு. நான் படிக்கவில்லை. முந்தைய இரண்டு வருடமும் சமம் வரவில்லை. அதனால் அந்த வரி ஒருநாளும் ஓடிப் பார்க்கப்படவில்லை. சோதனை செய்யாத வரி. என் தொழிலில் இதற்கு மன்னிப்புக் கிடையாது.

மேடைக்கு இருபது நிமிடம் இருந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. டி.வி.க்காரர்கள் அவசரப்படுத்தினார்கள்.

"அண்ணே, மலை நூத்திப் பன்னெண்டு" என்றேன் வயர்லெஸ்ஸில்.



"மேடம், ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா? ரெண்டு பேரும் இருபத்தாறுதானே?"

"ஆமா. சமம் வந்தா மொத்த நேரம். சிஸ்டம் சொல்லுது."

"மலைக்கு அப்படி இல்லீங்க மேடம். பெரிய மலைய யாரு அதிகத் தடவை மொதல்ல ஏறுனாங்கன்னு பாக்கணும். நாப்பத்தேழு ரெண்டு ஏறியிருக்காரு. இவரு ஒண்ணு."

அப்பா விதிப்புத்தகத்தைத் தொட்டதில்லை. ஆனால் உச்சியில் நின்று எண் குறிக்கும் நடுவர்கள் மழையில் நனைந்தால் காய்வதற்கு வருவது அவருடைய வேனுக்குத்தான். சூடான இடம் அது ஒன்றுதான். பதினான்கு வருடம் அவர்கள் சண்டையைக் கேட்டே அவருக்கு எல்லா விதியும் மனப்பாடம். எனக்கு அது அப்போது தோன்றவில்லை. அந்த அலைவரிசையில் முப்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் தோன்றியது.

"நேரம் இல்லண்ணே. பேரை ஒட்டுங்க."

ஒட்டிவிட்டால் உரிக்க முடியாது. அவர் கையைத் தட்டின் பிடியில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார். பிறகு அந்தக் குரல் வந்தது, வீட்டுக் குரல்.

"அம்மாடி, அந்தப் பக்கத்தை ஒரே ஒரு தடவை பாத்துடேன்."

கேமராக்காரர் தலையைத் திருப்பினார். எனக்குக் காது மடல்வரை எரிந்தது. பொத்தானை அழுத்திச் சொன்னேன்.

"அண்ணே, நீங்க இஸ்திரியைப் பாருங்க. கணக்கை நாங்க பாத்துக்கறோம்."

"சரிங்க மேடம்."

பதினைந்து வினாடி கழித்து, தூரத்தில் "சூடு, சூடு" என்று கேட்டது.

நூற்றுப் பன்னிரண்டு மேடையில் கையை நீட்டினார். சட்டை ஏறியது. கை தட்டினார்கள். தலைமை நடுவர் என் அச்சுத் தாளில் கையெழுத்துப் போட்டார். மழை விழுந்தது. எல்லாரும் கூடாரத்துக்கு ஓடினார்கள். அப்போது நான் விதிப்புத்தகத்தைத் திறந்தேன். நாலாம் பக்கம். அப்பா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை அங்கே இருந்தது.

முடிவுத் தாளைப் பலகையில் ஒட்டியதிலிருந்து அரை மணி நேரத்துக்குள் சொன்னால் மாற்றலாம். அதற்குப் பிறகு கல்லில் வெட்டிய எழுத்து. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம் இருந்தது. தலைமை நடுவர் நாற்பதடி தூரத்தில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

பதினோரு நிமிடமும் நான் கம்பி சுருட்டினேன்.

அன்று நடந்த இன்னொன்று எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பட்டறையில் அப்பா ஒரு கத்தரிப்பூ நிறச் சட்டையை விரித்துவைத்திருந்தார். அளவு மாறினால் பயன்படட்டும் என்று ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றிரண்டு வெற்றுச் சட்டை அதிகமாகத் தைத்துவைப்பார்கள். இது மிகச் சின்ன அளவு.

"மேடை முடிஞ்சதும் நாப்பத்தேழு நம்ம வண்டிக்கு வந்தான்" என்றார் அப்பா. "நனைஞ்சு கோழிக்குஞ்சு மாதிரி. 'அண்ணே, அந்தக் கலர்ல ஒரு துண்டுத் துணி கிடந்தா குடுங்க, ஞாபகத்துக்கு வச்சுக்கறேன்'னான். துண்டா, முழுச் சட்டையே உன்னுதுடான்னு வாய்வரைக்கும் வந்துச்சு."

"சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்வேன்? சொன்னா அடுத்த நிமிஷம் உன் பேரு சந்தி சிரிச்சிருக்கும். துணி இல்லப்பான்னு சொல்லிட்டேன். சுத்தி அத்தனை துணி கிடக்குது. அவன் பாத்துட்டேதான் போனான்."

அவர் என்னைத் திட்டவில்லை. பக்கத்தைப் பார்த்தாயா என்றும் கேட்கவில்லை. பார்த்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும். சட்டையில் நாற்பத்தேழின் குழுப் பெயரை வைத்து அழுத்தினார். பதினைந்து வினாடி அவர் உதடு மட்டும் அசைந்தது. தட்டைத் தூக்கிவிட்டுச் சொன்னார்:

"நீ ரெண்டு வரி எழுதிக் குடு. இது இவர் ஜெயிச்சது, கூட்டுனதுல தப்பு நடந்துபோச்சுன்னு. கீழ உன் கையெழுத்து."

"முடிவை மாத்த முடியாதுப்பா. டைம் போயிருச்சு."

"மாத்த வேண்டாம். சட்டை தனியா போனா அது நான் குடுக்கிற அன்பளிப்பு. தாளோட போனாத்தான் அது அவன் ஜெயிச்சது. அன்பளிப்பு வாங்குறதுக்கா அவன் அத்தனை மலை ஏறுனான்?"

எழுதித் தருகிறேன் என்றேன்.

கம்பெனியின் ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது. முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. பிறகு எனக்குப் பதவி உயர்வுப் பேச்சு வந்தது. அதுவும் முடிந்தது. பிறகு, இவ்வளவு நாள் கழித்து எழுதினால் ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பார்களே என்று தோன்றியது. தாமதத்துக்குத் தாமதமே காரணமாகிவிட்டது.

அப்பா மூன்று முறை கேட்டார். முதல்முறை போனில், சாதாரணமாக. இரண்டாம்முறை அம்மா மூலமாக. அம்மா வந்து, "உங்க அப்பாவுக்கு ஏதோ தாள் வேணுமாமே, அதுக்குப் போயி ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்திருக்காரு" என்றார். மூன்றாம்முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஜையில். தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, சிரித்துக்கொண்டே, "மேடம், அந்தத் தாள்..." என்றார்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "குத்திக்காட்டாதீங்க" என்று கத்தினேன். அவர் குத்திக்காட்டவில்லை. எனக்குக் கூச்சமில்லாமல் இருக்கட்டும் என்றுதான் அந்தப் பழைய விளையாட்டை எடுத்தார். அந்த வார்த்தை மூன்று வருடத்தில் என்ன ஆகிவிட்டது என்று அவருக்கும் அந்த நொடியில்தான் தெரிந்திருக்க வேண்டும். முகம் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. ஊக்கு பிரித்த நாளிலும் கேட்கவில்லை.

அப்பாவைக் கொண்டுபோன அன்று எங்கள் கம்பெனியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். நான் யாருக்கும் சொல்லவில்லை. விடுப்புக் கடிதத்தில்கூட 'சொந்தக் காரணம்' என்றுதான் எழுதியிருந்தேன். கேமராக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சூடண்ணன் இப்படிப் போவாருன்னு நினைக்கலம்மா" என்றார்.

"உங்களுக்கு எப்படி..."

"எது? நீங்க அவர் பொண்ணுங்கறதா? எங்க எல்லாருக்கும் மொத நாளே தெரியும்."

அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீங்க வர்றதுக்கு முந்தின நாள் வண்டி வண்டியா வந்து சொல்லிட்டுப் போனாரு. 'எம் பொண்ணு வருது. அது என்னைத் தெரிஞ்சமாதிரி காட்டிக்காது. நீங்களும் காட்டிக்காதீங்க, அது சங்கடப்படும்.' பதினோரு வருஷமா உங்க போட்டோதான் அவரு வண்டிக் கதவுல இருந்துச்சாம். ஸ்கூல் டிரஸ்ல ஒண்ணு, பட்டம் வாங்குனது ஒண்ணு. அன்னைக்குக் கழட்டிட்டாரு. பசை அடையாளம் இன்னும் இருக்கு, போய்ப் பாருங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "இஸ்திரி வண்டின்னு நான் ஒரு தடவை சொல்லிட்டேன். அவருகிட்ட மன்னிப்புக் கேட்டேன். 'வண்டியத்தானே சொன்னே, என்னையா சொன்னே'ன்னு சிரிச்சாரு."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். மூன்று வருடம் நான் கண்ணை மூடியிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்த முப்பது பேருக்கு முன்னால்தான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். முப்பது பேருக்கும் தெரிந்தே, "இஸ்திரியைப் பாருங்க" என்றும் சொன்னேன். அவர்களில் ஒருவர்கூட அன்று சிரிக்கவில்லை. அதை நான் அலைவரிசையின் ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் தலைமை நடுவரின் வீட்டுக்குப் போனேன். நாலாம் பக்கத்தைச் சொன்னேன். பதினோரு நிமிடத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, நெடுநேரம் துடைத்தார்.

"அன்னைக்கு வயர்லெஸ்ஸில நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். "சூடு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும். மழை, டி.வி., அச்சடிச்ச தாளு... கையெழுத்துப் போட்டுட்டேன். முடிவு முடிவுதான், அதுல கை வைக்க முடியாது. ஆனா நீங்க எழுதிட்டு வாங்க. கீழ நானும் போடுறேன்."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். மலைச் சட்டைப் போட்டியில் எண் நாற்பத்தேழே முதலிடம். அது ஒரு வரி. அடுத்த வரியில், அப்பா சொன்னதுபோல, கூட்டியதில் தவறு நடந்துவிட்டது என்று எழுதினேன். அடித்தேன். தவறு தானாக நடப்பதில்லை. நான் தவறு செய்தேன் என்று எழுதினேன். அதுவும் போதவில்லை. தெரிந்த பிறகும் சொல்லவில்லை என்று சேர்த்தால் மூன்று வரி ஆகிறது.

அம்மா பட்டறையைத் திறந்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். வந்து ஒரு பிளாஸ்டிக் பையை என் மேஜையில் வைத்தார்.

"அவரு ஒரு வேலையை முடிக்காம வச்சுட்டுப் போயிருக்காரு. யாருன்னு தெரியல. நேத்து ஒருத்தர் அவரு போனுக்குக் கூப்பிட்டாரு. 'அண்ணன் ஏதோ சாமான் கொண்டுவரேன்னு சொல்லி ரொம்ப நாளாச்சு, ஒண்ணும் அவசரமில்ல, உடம்புக்கு ஏதும் இல்லையேன்னு கேட்டேன்'னாரு. நான் சொன்னேன். அழுதுட்டாரு பாவம். என்ன சாமான்னு கேட்டா அவருக்கே தெரியலங்கறாரு."

பையில் சட்டை மடித்திருந்தது. எழுத்து உரியாமல் இருக்க நடுவில் வெண்ணெய்த்தாள் வைத்திருந்தார். அதோடு ஒரு சீட்டு: பம்புக் கடையின் விலாசம், எந்தப் பேருந்து, எங்கே இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், ஞாயிறு கடை விடுமுறை. சீட்டின் கடைசி வரியில் பேனாவை அழுத்தி எழுதியிருந்தார்.

'தாள் வந்ததும் போகணும்.'